ஐபோனில் துணை இல்லை

8 ஜூலை 2025, செவ்வாய்

இன்று நான் சொல்லாதது: "அங்கிள், தப்பு என்னுடையது. திருத்துவதற்கு ஒரு வரியை மாற்றினால் போதும்."

சொன்னது: "பார்க்கிறேன் அங்கிள்."

எங்கள் தமிழர் சங்கத்தின் தலைவர் சிற்றம்பலம் அங்கிள் மதியம் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஜொகூரில், தெப்ரா பக்கம் ஒரு கடைவரிசையின் மாடி. கீழே டயர் கடை. ஏறிவந்த மூச்சு அடங்குவதற்கு முன்பே கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினார். சங்கத்துக்கு நான் இலவசமாகச் செய்து கொடுத்த புது இணையதளம். நிர்வாகக் குழுவின் பக்கத்தை யாரோ சிங்கப்பூரிலிருந்து படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். முதல் படம் அவர், கீழே 'தலைவர்'. இரண்டாவது படம் சந்திரமதி அக்கா; கீழே 'தலைவர்'.

"என்ன பிள்ளை இது? ஒரு சங்கத்துக்கு ரெண்டு தலைவரா?"

"உங்க போன்ல எப்படி இருக்கு அங்கிள்?"

"என் போன்ல சரியாத்தான் இருக்கு. அவங்களுக்குக் கீழ துணைத் தலைவர்னுதான் இருக்கு. அதான் கேக்கிறேன், இது யார் செய்த வேலை?"

அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். ஒரு கை தள்ளாமல் எதுவும் நகராது என்று நம்புகிறவர்.

கை எதுவும் தள்ளவில்லை. அவர் போன பிறகு பார்த்தேன். படத்துக்குக் கீழே பதவிப் பெயருக்கு ஒரு வரி உயரத்துக்குத்தான் பெட்டி வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டில் 'துணைத் தலைவர்' அந்த ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. ஐபோன் தன்னிடமுள்ள தமிழ் எழுத்தைப் போடுகிறது. அது கொஞ்சம் அகலம். சொல் இரண்டு வரியாக உடைகிறது. மேல் வரி படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. துணை மறைந்தது, தலைவர் மிச்சம். நான் கணினியில் ஜன்னலைக் கைப்பேசி அளவுக்குச் சுருக்கிப் பார்த்துவிட்டு 'எல்லாப் போனிலும் சரி' என்று எழுதிக்கொடுத்திருந்தேன். சுருக்கிய ஜன்னல் ஐபோன் ஆகிவிடுமா?

திருத்த உட்கார்ந்தேன். சந்திரமதி அக்கா அந்தப் படத்தில் ஒரு பக்கமாகச் சிரிக்கிறார். கீழே 'தலைவர்'. சனிக்கிழமை டியூஷன் வகுப்பு அவர், மண்டப புக்கிங் அவர், பொங்கலுக்குக் கரும்பு எங்கே மலிவு என்று அலைவதும் அவர். வருடா வருடம் பொதுக்கூட்டத்தில் போட்டியில்லாமல் கைத்தட்டலில் தேர்வாகிறவர் அங்கிள்.

பிழை மாதிரியே தெரியவில்லை. கணினியை மூடிவிட்டேன்.


9 ஜூலை, புதன்

திருத்தவில்லை. வேலை அதிகம். (எனக்கு நானே எழுதுவதில்கூடப் பொய்.)


10 ஜூலை, வியாழன்

குணாளன் கூப்பிட்டார். சங்கத்தின் துணைச் செயலாளர், சிங்கப்பூரில் வேலை. வீடு திரும்பும் வழியில், ஜொகூர்–சிங்கப்பூர் பாலத்தில் பேருந்து நகராமல் நின்றால்தான் அவருக்கு உலகத்தின் ஞாபகம் வரும்.

"லோஷினி, வெப்சைட் நல்லா இருக்கு லா."

"எது நல்லா இருக்கு?"

"எல்லாமேதான். கலரு... அப்புறம் அந்தப் பதவிப் பேரெல்லாம். அழகா, சுருக்கமா இருக்கு. யாராச்சும் மாத்தச் சொன்னா மாத்தாத."

ஓ. இவரிடம் ஐபோன். ஐபோனில் இவர் 'செயலாளர்'. உண்மையான செயலாளர் இன்னும் பட்டன் போன் வைத்திருக்கிறார். அவருக்கு இணையதளம் என்று ஒன்று இருப்பதே செவிவழிச் செய்தி.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஒரே பாட்டுக்கு நான்கு உரையாசிரியர்கள் நான்கு பொருள் சொன்னால் புலமை என்கிறோம். ஒரே பக்கத்தை நான்கு இணைய உலாவிகள் நான்கு விதமாகக் காட்டினால் பிழை என்கிறோம். அவையும் பாவம், எழுதினவள் என்ன நினைத்தாள் என்று ஊகித்துத்தானே உரை செய்கின்றன? ஐபோன் கொஞ்சம் துணிச்சலான உரையாசிரியர். என் மனத்தில் இருந்ததையும் சேர்த்துப் படித்துவிட்டது.

நல்ல சாக்கு. நன்றாக எழுதியும் வைத்துவிட்டேன். இனித் திருத்தவே வேண்டாம்.


11 ஜூலை, வெள்ளி

அம்மா சாப்பாட்டு மேசையில்: "உனக்குன்னு ஒரு துணை வேணாமா? எத்தனை நாளைக்கு இப்படி?"

"ஐபோன்ல பாருங்கம்மா. யாருக்குமே துணை இல்ல. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

"அலமாக், என்னா பேச்சு இது? நல்லா பேசுற வாய்க்கு நல்லா ஒருத்தன் வருவான் பாரு."

ரசம் புரையேறியது.


12 ஜூலை, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மண்டபத்துக்கு டியூஷன் வகுப்பில் உதவப் போனேன். பிள்ளைகள் கிளம்பியதும் சந்திரமதி அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து, இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு வந்த முகம். ஆனால் ஏதோ ஒரு வெளிச்சம்.

"இங்க வா, மக அனுப்புனா பாரு." அதே படம். தன் முகத்தைப் பெரிதாக்கி, பிறகு அதற்குக் கீழே இருந்த சொல்லைப் பெரிதாக்கிக் காட்டினார். "ஊர்ல, பாலோவுல எங்க அண்ணன் நேத்து கோழி அடிச்சு ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுட்டாரு. 'எந்தங்கச்சி ஜொகூர்ல சங்கத் தலைவரு'ன்னு. நான் இல்லண்ணே இல்லண்ணேங்கறேன், படமே வந்துருச்சேங்கறாரு!"

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் குரலை இறக்கினார்.

"ஏம்மா, கமிட்டியில ஏதாச்சும் பேசிக்கிட்டாங்களா? எங்கிட்ட அப்புறமாச் சொல்லலாம்னு? என் போன்ல மட்டும் இன்னும் வரல. அதுக்கு எங்கயாச்சும் அமுக்கணுமா?"

எங்கே அமுக்கணும் என்று கேட்டார். எங்கே அமுக்கினால் வரும் என்று.

"அக்கா... அது தப்பு. என் தப்பு. ஐபோன்ல 'துணை' படத்துக்குப் பின்னாடி போயிடுது. உங்க போன்ல இருக்கிறதுதான் சரி."

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்குச் சனி."

வெள்ளைப் பலகை ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது. அதை இன்னொரு தடவை துடைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"போட்டுடு. அந்தத் துணைய எடுத்த எடத்துலேயே போட்டுடு. அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அக்கா, ஸாரி—"

"விளக்கை நிப்பாட்டிட்டு வா."

வீட்டுக்கு வந்து என்னை நானே கேட்டுக்கொண்டேன்: ஏன்டி செஞ்ச? அங்கிளச் சீண்டத்தானே? அவருக்கு ஒண்ணுமே ஆகலையே. கோழி அடிச்சது யாரு, இனி அந்த வீட்டுக்குப் போன் போட்டு 'இல்ல, நான் இன்னும் துணைதான்'னு சொல்லப் போறது யாரு? புத்தகம் புத்தகமாப் படிக்கிற. எதுக்கு?


13 ஜூலை, ஞாயிறு

திருத்திவிட்டேன். பெட்டியின் உயரத்தை எடுத்துவிட்டு, சொல் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு வளர விட்டேன். பக்கத்து வீட்டில் ஐபோன் இரவல் வாங்கிப் பார்த்தேன். துணைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். முடிந்தது.


15 ஜூலை, செவ்வாய்

முடியவில்லை.

காலையிலிருந்து சங்கத்து வாட்ஸ்அப் குழு கொதிக்கிறது. ஐபோன்காரர்கள் எல்லாரும் போன வாரம் வரை சந்திரமதி அக்காவைத் தலைவராகப் பார்த்தவர்கள். இன்று திறந்தால் துணைத் தலைவர். யாரும் பிழை திருத்தப்பட்டது என்று நினைக்கவில்லை. பதவி இறக்கம் என்று நினைக்கிறார்கள்.

'யார் அவங்களத் தூக்கினது?'
'கூட்டம் போடாம எப்படி எடுப்பாங்க?'
'இவ்ளோ நாள் வேலை வாங்கிட்டு இப்போ துணையா?'

அங்கிள் பதில் போட்டார்: 'அவங்க எப்பவுமே துணைதான். என் போன்ல பாருங்கோ.' கூடவே தன் ஆண்ட்ராய்டுத் திரையின் படம். அது போன வாரமே இருந்த படம்தான். ஆனால் இப்போது அது குற்றத்தின் சாட்சி மாதிரி இருந்தது.

எல்லாரையும்விடச் சூடானவர் குணாளன். 'இது நியாயமில்லை. உழைக்கிறவங்களுக்கு மரியாதை வேணும்.' பெண்கள், தோட்டத்திலிருந்து வந்தவர்கள், இளைஞர்கள் என்று எல்லாருடைய மரியாதையும் அவர் பதிவில் இருந்தது. அவருடைய சொந்தச் 'செயலாளர்' பறிபோனது மட்டும் இல்லை.

நான் பிழையை விட்டுவைத்தபோது அங்கிளைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. சரி செய்ததும் புரட்சி வந்துவிட்டது. நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதில் இவ்வளவு ஆபத்து இருக்கிறதா? சனிக்கிழமையிலிருந்து இன்றுதான் சிரித்தேன், குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு.




17 ஜூலை, வியாழன்

இந்த மாதப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்குப் போட்டியிடச் சொல்லிச் சிலர் சந்திரமதி அக்காவைக் கேட்டிருக்கிறார்கள். 'தப்பா வந்த நாற்காலி எனக்கு வேணாம்' என்றாராம். இதைச் சொன்னவர் குணாளன். அவருக்கு எந்த மாதிரி நாற்காலியானாலும் சரிதான் போலிருக்கிறது. குரலில் அவ்வளவு ஏமாற்றம்.


20 ஜூலை, ஞாயிறு

மண்டபத்தில் விளக்கக் கூட்டம். நான்தான் விளக்க வேண்டும் என்று அங்கிள் கட்டளை. கூட்டத்தில் பேசுவது என்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் போனேன். வேறு யார் போவது?

பழைய பக்கத்தை ஒரு பிரதி எடுத்துத் தனியாக வைத்திருந்தேன். ஒரு ஐபோனையும் ஒரு ஆண்ட்ராய்டையும் அருகருகே வைத்து, கேமராவால் திரையில் காட்டினேன்.

"இது ஒரே பக்கம்தான். யாரும் எதையும் மாற்றவில்லை. ஐபோனில் எழுத்து அகலம். மேல் வரி மறைந்துவிட்டது. பெட்டியைச் சின்னதாக வைத்தது என் தப்பு. சந்திரமதி அக்காவை யாரும் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை." மூச்சு வாங்கிக்கொண்டு, "குணாளன் அண்ணே, உங்க பேருக்குக் கீழேயும் பாருங்க. உங்களுக்கும் அதேதான்" என்றேன்.

மண்டபம் முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. "அப்படியா? நான் கவனிக்கவே இல்ல லா," என்றார் குணாளன். பின்வரிசையில் யாரோ இருமிச் சிரித்தார்கள்.

தெரிந்தும் ஐந்து நாள் விட்டுவைத்ததைச் சொல்லவில்லை. அது அக்காவுக்கும் எனக்கும் தெரியும். போதும்.

அங்கிளுக்கு முகமெல்லாம் நிம்மதி. எழுந்து நின்றார். அங்கேயே உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு எல்லாம் அவர் பக்கம்தான். ஆனால் அவருக்கு ஒரு பகடி தோன்றிவிட்டது.

"கேட்டீங்களா? போன் பிழை விட்டாத்தான் சந்திரமதி தலைவராகலாம்!"

அவரே முதலில் சிரித்தார். நான்கைந்து பேர் பழக்கத்தில் சேர்ந்து சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

சந்திரமதி அக்கா சுவரோரம், திரையின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்தார். நாற்காலியின் மேல் வைத்தார்.

"வேட்புமனு ஃபாரம் யார்கிட்ட இருக்கு?"

யாருக்கும் உடனே விளங்கவில்லை. செயலாளர்தான் (பட்டன் போன்காரர், அசல் செயலாளர்) பையைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

"என்ன சந்திரமதி, விளையாட்டுக்குச் சொன்னேன்," என்றார் அங்கிள்.

"தெரியுதுங்கய்யா. பிழையில்லாம ஒரு தடவ பாத்துடலாமேன்னுதான்."

நின்றபடியே எழுதினார். முன்மொழிகிறவர் பெயருக்கான இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக.

"என்னா பாக்கற? வந்து கையெழுத்துப் போடு."

போட்டேன். என் பெயர் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.


24 ஜூலை, வியாழன்

அங்கிள் வீடு வீடாகப் போகிறாராம். இத்தனை வருடத்தில் முதல் தடவை. எங்கள் வீட்டுக்கும் வந்தார். தேநீர் குடித்தார். என்னிடம் ஓட்டுக் கேட்கவில்லை. "நீ நல்லா விளக்கினாய் பிள்ளை, உண்மையைச் சொன்னாய்," என்று மட்டும் சொன்னார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவரை ஒரு கேலிச்சித்திரமாகவே வைத்திருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

என் ஓட்டு மாறவில்லை. ஆனால் அவர் செருப்பு மாட்டிக்கொள்ளும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.


27 ஜூலை, ஞாயிறு

பொதுக்கூட்டம். கைத்தட்டல் இல்லை, ரகசிய வாக்கு. பாலோவிலிருந்து அக்காவின் அண்ணன் வேனில் ஆட்களோடு வந்துவிட்டார். உறுப்பினர் அல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்று அக்காவே வாசலில் போய்த் தடுத்தார். அவர்கள் வெளியே மரத்தடியில் நின்று, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எண்ணினார்கள். அங்கிள் மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடி எண்ணினார்கள்.

சந்திரமதி அக்கா.


3 ஆகஸ்ட், ஞாயிறு

புதிய நிர்வாகத்தின் முதல் கூட்டம். சிற்றம்பலம் அங்கிள் வந்தார். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்தார். தலைவர் அவரை முன்னால் வரச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து வந்தார்.