மார்சியாவுக்கு ஏலாது என்றவர்கள்

அன்பு மேவிஸ் அக்கா,

உங்களுக்குத் தமிழ் தெரியாது என்பது தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். இதை எங்கள் ஆட்களும் வாசிக்க வேண்டும். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

உங்கள் இறுதிச் சடங்கில் எங்கள் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் எழுந்து பேசினார். மேவிஸும் தன் பள்ளிக்கூடமும் கைகோத்து நடந்ததாகச் சொன்னார். கைகோத்தோ? வழியில் உங்களைக் கண்டாலே மறுபக்கம் திரும்பிப் போகிற மனிதர்! முன்வரிசையில் இருந்த மார்சியாவின் தாய் இவோன் எழுந்து வெளியே போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

நடந்ததை அவர் மாற்றிச் சொல்ல விடமாட்டேன், அக்கா. நாங்கள் இலங்கையிலிருந்து அகதிகளாக லண்டன் ஃபாரஸ்ட் கேட்டுக்கு வந்த புதிதில், இங்கிலிஷ் தெரியாதென்று என் மகள் வாணியை வகுப்பில் ஒதுக்கி இருத்தினார்கள். பக்கத்தில் மார்சியா. லண்டனில் பிறந்து, இங்கிலிஷ் மட்டுமே தெரிந்த கறுப்புப் பிள்ளையை ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேட்டேன். அவளால் முடியாது, அந்தக் குடும்பமே அப்படித்தான் என்றாள் வகுப்பாசிரியை, வெயில் மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்பதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். இவோன் சிறுமியாக ஜமைக்காவிலிருந்து வந்தபோது, அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்து, மந்தபுத்தி என்று முத்திரை குத்தி, அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே யாரும் அவளுக்கு ஒழுங்காக வாசிக்கக் கற்றுத் தரவில்லை. வளர்ந்த பிறகும் பள்ளிக்கூட வாசலோடேயே நின்றுவிடுவாள். மகள் புத்தகத்தைத் திறந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகம் என்றால் பயம் வராமல் வேறென்ன வரும்?

தேவாலய மண்டபத்தில் நீங்கள் நடத்திய, வாணியும் வந்த சனிக்கிழமை வகுப்புக்குத் தாயையும் மகளையும் சேர்த்தே வரச் சொன்னீர்கள். முதல் நாள் புத்தகமே எடுக்கவில்லை. இவோனை ஒரு கதை சொல்லச் சொன்னீர்கள். ஆற்றில் விழுந்த கழுதை ஒன்றின் கதையைத் தன் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள். ஒரு சொல்லையும் திருத்தாமல் பெரிய எழுத்தில் எழுதி, இது உன் அம்மா சொன்னது, வாசி என்று மார்சியாவிடம் கொடுத்தீர்கள். தாயின் பேச்சைத் தாளில் கண்டு அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வாரத்திலிருந்து இருவரும் ஒரே தாளைப் பார்த்து வாசித்தார்கள்.

எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. "ஏன் பிள்ளை, அந்தக் கறுவல் பிள்ளையளோட உன்ர மோளை விடுறாய்?" என்று கோயிலில் ஒரு அண்ணை கேட்டார். தமிழன் என்பதற்காக அடிவாங்கி ஓடி வந்த மனிதர்! இந்தத் தெருவில் எங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாதோ? அதைத்தான் திருப்பிக் கேட்டேன். இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. நல்லது.

பிறகு மார்சியாவையும் அதே மாதிரிப் பள்ளிக்கு அனுப்பப்போவதாகச் சொல்லி இவோனைப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு உங்களோடு நானும் வந்தேன். நீங்கள் சொல்ல, மார்சியா தாயின் கழுதைக் கதையை வாசித்துக் காட்டினாள். பாடமாக்கி வந்திருக்கிறாள் என்றார் தலைமையாசிரியர். நீங்கள் அவர் மேசையில் கிடந்த பத்திரிகையை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டினீர்கள். தடக்கித் தடக்கி வாசித்தவள் ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். இவோன் எட்டிப் பார்த்து அந்தச் சொல்லை வாசித்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"என்னை அனுப்பினீங்கள். இவளை அனுப்ப ஏலாது."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. பிள்ளையின் நடத்தை சரியில்லை என்று வேறு கதை தொடங்கினார். ஆனால் எங்கள் கண்முன்னே பத்திரிகை வாசித்த பிள்ளையை அனுப்ப முடியவில்லை.

மார்சியா இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் கதைகள் எழுதுகிறாள். மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள், வகுப்பு எங்கள் வீட்டு முன்னறையில் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் மாட்டுவதற்கு உங்கள் படம் கேட்டு இவோனிடம் வந்தார்கள். இவோன் கொடுக்கவில்லை.

அவளுக்குத் தெரிந்த ஒரு சோமாலித் தாய் இருக்கிறாள். அவள் மகனாலும் முடியாது என்கிறார்களாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடக் கூட்டத்தில் அவளோடு நானும் இவோனும் போய் இருப்போம். அந்த அறையில் எந்தத் தாயையும் தனியே இருக்க விடமாட்டோம், அக்கா. இது என் வாக்கு.

உங்கள் கூடப் பிறவாத தங்கை,
தேவி