பதினேழு நோட்டிலும் ஒரே தப்பு

என் செல்வி அண்ணிக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அண்ணன் இன்னும் துறைமுகத்து ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார். யமுனா ஏழாவதுக்கு வந்துவிட்டாள். சொல்லக் கூச்சமில்லாத செய்தி இவ்வளவுதான். மற்றதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் மகள் படிக்கிற பள்ளிக்கே நான் கணக்கு டீச்சராக மாற்றலாகி வந்த வருஷம் ஞாபகமிருக்கிறதா? கல்யாணமாகி மாத்தூருக்குப் போய்விட்ட நான், எர்ணாவூர் ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள் என்று பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. "ஸ்கூல்ல என்னை அத்தைன்னு கூப்பிடாதே, டீச்சர்னு கூப்பிடு" என்று யமுனாவிடம் சொன்னேன். அதற்கும் நீ கோபப்படவில்லை. "எல்லாப் புள்ளைங்களையும் ஒண்ணா பாக்கணும்ல, அதுக்குத்தான் சொல்றா" என்று அவளைச் சமாதானப்படுத்தினாய்.

அப்புறம் அந்தப் பெற்றோர் கூட்டம். நான் மார்க்குகளை வாசித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு பெயருக்கும் தலைமை ஆசிரியர், "வீட்ல கவனிக்கறதே இல்ல" என்றார். கேன்டீன் வேலையிலிருந்து நேராக வந்திருந்த நீ எழுந்து நின்றாய்.

"மார்க்கு தெரியும் சார். எந்த எடத்துல தப்பு பண்ணுதுங்க, அத்த சொல்லுங்க. வூட்ல கூட ஒக்காந்து பாக்கணும்ல?"

"சொன்னா உங்களுக்குப் புரியுமாம்மா?"

சிரித்தார்கள். மற்ற அம்மாக்களும்தான் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் என் பக்கம் குனிந்து, "தெரிஞ்சவங்களா டீச்சர்? உங்களையே பாக்கறாங்க" என்று கேட்டார்.

"இல்ல சார். ஏரியாக்காரங்க."

நீ முன் வரிசையில்தான் நின்றாய். காதில் விழுந்ததா அண்ணி? இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ ஒருநாளும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறே உங்கள் ப்ளாக்கின் கீழே, தண்ணீர்த் தொட்டி பக்கம், பாய் விரித்தாய். எட்டாவதோடு நின்றவள் நீ. சிரித்த அம்மாக்களையே கூப்பிட்டு உட்கார வைத்தாய். பிள்ளைகளின் நோட்டுகளைத் திறந்து, எது சரி எது தப்பு என்று நீங்களே தேடினீர்கள். மூன்று வாரம் கழித்து ஒரு பை நிறைய நோட்டுகளோடு மாத்தூர் வீட்டுக்கு வந்தாய்.

"கலா, இத்த பாரேன். அரையும் அரையும் கூட்டச் சொன்னா, மேல மேல கூட்டி, கீழ கீழ கூட்டி, நாலுல ரெண்டுன்னு போட்டுகீதுங்க. நாலுல ரெண்டும் அரைதான? அப்ப இன்னொரு அரை எங்க பூட்ச்சு?"

நான் நோட்டை மூடி உன் பக்கம் தள்ளினேன்.

"ஒரு புள்ளைன்னா சரி. பதினேழு நோட்டுலயும் இதே தப்புமா. நீ ஞாயித்துக்கிழம வந்து ஒரு தபா சொல்லிக் குடுத்தீன்னா, நாங்க பாத்துக்கறோம்."

பதினேழு பிள்ளைகள் ஒரே தப்பைச் செய்தால் அது யாருடைய தப்பு? உனக்குத் தெரியும். ஆனாலும் என் முகத்துக்கு நேராக நீ சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்: "என் வேலையை எனக்குச் சொல்லித் தராதே அண்ணி."

தேநீரைப் பாதி குடித்துவிட்டு, நோட்டுகளை அள்ளிக்கொண்டு போனாய்.

அந்த ஞாயிறு நான் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது முறை நீ கூப்பிட்டபோது போனை எடுக்கவே இல்லை. அந்த வாரம்தான் உனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாய். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி, ஆறாம் நாள் நீ இல்லை. காய்ச்சலாகக் கிடந்தபோது பார்க்க வராதவள், சாவுக்கு முதல் ஆளாக வந்து அழுதேன்.

இப்போது நடந்ததைக் கேள். கணக்குப் பாடத்தில் குடும்பங்களையும் ஊராரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு பள்ளியும் ஒரு திட்டம் தர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நான் உன் திட்டத்தைக் கொடுத்தேன். மார்க்குக்குப் பதிலாகப் பிள்ளை செய்யும் தப்பை எழுதி வீட்டுக்கு அனுப்புவது, வாரம் ஒருமுறை பெற்றோரோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பது. எல்லாம் நீ சொன்னது. பள்ளி விழாவில் அதைப் பேசினேன், கைதட்டினார்கள். ஷால் போட்டார்கள். "சொன்னா புரியுமாம்மா" என்று கேட்ட அதே மனிதர், "நம்ம டீச்சரோட சொந்த யோசனை" என்று மைக்கில் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை எர்ணாவூருக்கு வந்தேன். யமுனா கதவைத் திறந்தாள். "நல்லா பேசினீங்க டீச்சர்" என்றாள். வீட்டுக்குள், அவள் அப்பா முன்னால். அதன்பிறகு எனக்கு அவள் வாயில் வேறு பெயரே இல்லை.

உன் பாயை மடிக்கவிடாமல் வைத்திருப்பது பக்கத்து வீட்டு ஜமீலா. போன ஞாயிறு அங்கே போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா டீச்சர், இங்க ஷாலெல்லாம் கெடையாது."

"தெரியும் ஜமீலா."

"அப்ப ஒக்காருங்க. இந்த மைனஸ் கணக்குல எல்லாப் புள்ளைங்களும் முட்டிக்கினு நிக்குதுங்க."

அதுவும் நான் வகுப்பில் நடத்திய பாடம்தான். ஒரே கேள்வியை ஜமீலா மூன்றாவது முறை கேட்டபோது என் குரல் ஏறியது. "கோவம் வந்தா எழுந்து போய்டுங்க, நாங்களே பாத்துக்கறோம்" என்றாள். நான் எழவில்லை. நாலாவது முறை சொன்னபோதுதான், நான் வகுப்பில் எந்தப் படியைத் தாண்டிப் போயிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. யமுனா தூரத்தில் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை.

வியாழக்கிழமை தலைமை ஆசிரியரிடம் போய், அது என் அண்ணியின் யோசனை, அன்று கூட்டத்தில் எழுந்து கேட்டாரே அவர்தான் என்றேன். "இறந்தவங்களுக்கு அது எதுக்கு டீச்சர்? ரிப்போர்ட் போயாச்சு" என்றார். எழுதியே கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் காகிதம் இன்னும் அவர் மேஜையில்தான் கிடக்கிறது. ரிப்போர்ட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது.

மன்னிப்பு கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஞாயிறுதோறும் வருவேன். ஜமீலா குத்திப் பேசினாலும், யமுனா கடைசிவரை அந்தச் சுவரை விட்டு வராவிட்டாலும், வந்து உட்காருவேன். இந்த வாக்கையாவது காப்பாற்றுவேன் அண்ணி.

உன் வீட்டுக்காரரின் தங்கச்சி,
உன் நாத்தனார்,
கலா