கைப்பிடி இல்லாத குடைகள்

ஏப்ரல் 3, திங்கள்

முதலாளி மூன்று நாள் வகுப்புக்குப் போய்விட்டு இன்று திரும்பினார். வியாபாரத்தில் போட்டியாளரை மடக்குவது எப்படி என்று சொல்லித்தருகிற வகுப்பாம். போனபோது குடைக் கம்பெனி முதலாளி, வந்திருப்பது படைத்தளபதி. வந்ததும் வராததுமாக என்னைக் கூப்பிட்டார்.

"இந்த மழைக்கு எதிர்க் கம்பெனிக்காரன் ஒரு குடைகூடத் தைக்கக் கூடாது. குடைக்கம்பி செய்யுறது ஒரே ஒரு ஆலை. அங்க இருக்கிற மொத்தத்தையும் நாமளே எடுத்துட்டா அவன் என்ன பண்ணுவான்?"

"நமக்கே அவ்வளவு தேவைப்படாதே சார்."

"தேவைக்கு வாங்கினா அது கொள்முதல். தேவையில்லாம வாங்கினாத்தான் தந்திரம்."

பதினாறு வருடமாகக் கொள்முதல் மேனேஜராக இருக்கிறேன். இத்தனை நாளும் தந்திரமே இல்லாமல் ஓட்டியிருக்கிறேன்.

இதில் எனக்கு ஒரு தனிச் சங்கடம். எதிர்க் கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவர் என் தங்கையின் வீட்டுக்காரர். குடும்பத்தில் எல்லாவற்றையும் பேசுவோம், குடையைத் தவிர.

ஏப்ரல் 5

கம்பி ஆலைக்காரருக்குப் போன் செய்தேன். அறுபதாயிரம் செட் என்றேன். எண்ணை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு, "எதிர்க் கம்பெனிக்காரங்களும் விசாரிச்சுட்டிருந்தாங்க மேடம். நல்லவேளை, நீங்க முந்திக்கிட்டீங்க" என்றார்.

மாப்பிள்ளையை முந்திவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 20, வியாழன்

ஏழு லாரி. நான்காவதிலேயே கிடங்கு நிரம்பிவிட்டது. கிடங்கைப் பார்த்துக்கொள்கிற ஸ்டோர் அண்ணன் எதற்கும் முகம் மாறாதவர்.

"மிச்சத்தை எங்க வைக்கட்டும்?"

"எங்க இடம் இருக்கோ அங்க வைங்க."

"இடம்னு பார்த்தா முதலாளி ரூம்தான் இருக்கு."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் முதலாளி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து தன் நாற்காலிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். இருபுறமும் கூரை வரை கம்பிக்கட்டு. முகத்தில் மட்டும் வெற்றிக் களை.

ஏப்ரல் 24

இன்று கம்பி மாட்டிக் கிழிந்தவை: கணக்காளரின் சட்டை, என் முந்தானை, முதலாளியின் பான்ட். முதல் இரண்டுக்கு அவர் வருத்தப்படவில்லை.

மே 8, திங்கள்

கைப்பிடி இல்லை.

கைப்பிடி செய்கிறவரும் ஒரே ஒருவர்தான். அவரிடம் எப்போதும்போல இருபத்தைந்தாயிரம் கேட்டேன். ஒன்றுகூட இல்லையாம். எல்லாம் போய்விட்டதாம். அடுத்த சரக்கு ஆகஸ்டில். அதற்குள் மழை வந்து போய்விடும்.

"யாருக்குப் போச்சு?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மேடம்."

மே 9

காலையில் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில பூரா குடைக் கைப்பிடியா கிடக்கு. கிடங்குல இடம் இல்லையாம். பாத்ரூமுக்குப் போக மூட்டை மேல ஏறி இறங்குறேன். என்னய்யா இதுன்னு கேட்டா, வியாபார ரகசியம்கிறார். அவங்க முதலாளி ஏதோ வகுப்புக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து இப்படித்தான் ஆட்டம். நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

வகுப்பு. அதே வகுப்பு.

ஆபீசில் முதலாளி அறை வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். முதலாளியிடம் சொன்னால் தங்கையைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் உப்புப்போட்ட இடத்துக்குத் துரோகம். நான் முதலில் மேனேஜரா, அக்காவா? இரண்டும் இல்லாத ஒருத்தியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மே 18, வியாழன்

"கைப்பிடி இல்லேன்னா என்ன? புதுசா யோசிப்போம்" என்று முதலாளி தச்சரை வரவழைத்திருந்தார். தச்சர் மரத்தில் பத்து கைப்பிடி கடைந்து தந்தார். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குடையைத் தூக்குவது உலக்கையைத் தூக்குவதுபோல. மழை நின்ற பிறகும் கை வலிக்கும்.

முற்றத்தில் தானே சோதித்துக் காட்டுகிறேன் என்று முதலாளி நின்றார். தையல் பிரிவுப் பெண்கள் முப்பத்திரண்டு பேரும் வேடிக்கை பார்க்க, ஸ்டோர் அண்ணன் தோட்டக் குழாயைத் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. குடை மதில் தாண்டிப் போய்விட்டது. கைப்பிடி மட்டும் முதலாளி கையில்.

"குழாயை நிறுத்தவா சார்?" என்று கேட்டார் ஸ்டோர் அண்ணன், கொஞ்சம் தாமதமாக.

மே 29, திங்கள்

மழை தொடங்கிவிட்டது. பத்து நாள் முன்னதாகவே.

கடைக்காரர்கள் போன்மேல் போன். தையல் பிரிவில் மெஷின்கள் நின்று நான்கு நாளாகிறது. துணி தைத்துக் கம்பியில் மாட்டி, கைப்பிடி மட்டும் இல்லாமல் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கிறது. பார்த்தால் இறக்கையை மடக்கிய வௌவால் கூட்டம்.

தையல் பிரிவுத் தலைவி என் மேசை முன் வந்து நின்றாள். சண்டைக்கு வரவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"எங்கள்ல பாதிப் பேரு அங்க இங்க வேலை விசாரிக்கிறாங்க. வர்ற வாரம் வேலை இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க மேடம்."

"இருக்கும்" என்றேன்.

ஏன்டி அப்படிச் சொன்னே? கைப்பிடியை என்ன முந்தானையில முடிஞ்சா வச்சிருக்கே?

மே 31, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையும் வேலை ஓடாமல் வீட்டில்தான் இருந்தார். "வாங்கக்கா" என்றவர் படுக்கையறைக் கதவை மறைத்தபடியே நின்றார். தங்கை அவர் பின்னாலிருந்து காலால் எதையோ தள்ளினாள். ஒரு கைப்பிடி உருண்டு வந்து என் செருப்பில் முட்டி நின்றது.

மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட கம்பி இல்லை. எங்ககிட்ட இது இல்லை."

"நாம இதைப் பேசக் கூடாதேக்கா."

"பேசி முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது" என்றாள் தங்கை.

பேசினோம். அவர் ஏப்ரலில் கம்பியை விசாரிக்கவே இல்லையாம். ஆலைக்காரர்தான் அவருக்குப் போன் போட்டு, 'கம்பி பூரா போயிடுச்சு, கைப்பிடியையாவது பிடிங்க' என்றிருக்கிறார். கைப்பிடி செய்கிறவர் ஆலைக்காரரின் மைத்துனர். இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்த விஷயம்தான். தெரிந்து என்ன பயன்?

இருபத்தைந்தாயிரத்துக்கு இருபத்தைந்தாயிரம் மாற்றிக்கொள்வது என்று முடிவு. ஒளித்துச் செய்ய வேண்டாம், அவரவர் முதலாளியிடம் அவரவர் சொல்வது. பிறகு சோறு கிடைத்தது.

ஜூன் 1

சொல்லிவிட்டேன். தங்கையின் பேச்சை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம்.

"என்னை வேலையை விட்டு எடுத்தாலும் சரி சார். முப்பத்திரண்டு பேருக்கு வேலை இருக்குன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

முதலாளி கோபமாக எழுந்தார். சட்டைக் காலர் கம்பிக்கட்டில் மாட்டியது. மறுபடி உட்கார்ந்தார். காலரை விடுவித்துக்கொண்டார்.

"அவனும் அந்த வகுப்புக்கா வந்தான்?"

"கடைசி வரிசையாம் சார்."

"நான் முதல் வரிசை." அதில் என்ன ஆறுதல் கிடைத்ததோ, குரல் இறங்கிவிட்டது. "சரி, செய்ங்க. ஆனா அவன்தான் முதல்ல கேட்டான்னு இருக்கணும்."

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். அவர் முதலாளியும் அதே நிபந்தனை போட்டிருக்கிறார். ஆளுக்கொரு கடிதம் எழுதினோம். இரண்டிலும் ஒரே தேதி. இரண்டிலும் ஒரே முதல் வரி: 'தாங்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க.'

ஜூன் 2

பதினோரு மணிக்கு மெஷின் சத்தம் கேட்டது. என் அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

ஜூன் 17, சனி

அடுத்த வருடத்துக்கான கம்பியை இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து ஒரே ஆர்டராகக் கொடுப்பது என்று ஆகியிருக்கிறது. அதற்காக ஒரே காரில் ஆலைக்குப் போனோம். முன் சீட்டில் யார் உட்காருவது என்பதில் கால் மணி நேரம் போனது. கடைசியில் நான் உட்கார்ந்தேன். பின்னால் இரண்டு முதலாளிகள், நடுவில் மாப்பிள்ளை.

முதலாளிகள் இரண்டு பேரும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொண்டதில்லை.

"அவரைக் கண்ணாடியை ஏத்தச் சொல்லுங்க, சாரல் அடிக்குது" என்றார் எங்கள் முதலாளி, மாப்பிள்ளையிடம்.

"குடைக் கம்பெனி வச்சிருக்கிறவருக்குச் சாரல் ஆகாதான்னு கேளுங்க" என்றார் அவர், அதே மாப்பிள்ளையிடம். ஆனால் கண்ணாடியை ஏற்றினார்.

கம்பி ஆலைக்காரர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கியதும் வழக்கம்போலச் சிரித்தார். மாப்பிள்ளை இறங்கியதும் சிரிப்பு பாதியானது. அதற்குப் பின்னால் இரண்டு முதலாளிகளும் ஒரே கதவு வழியாக இறங்கினார்கள்.

அவர் எழுந்து நின்றார். பதினாறு வருடத்தில் எனக்காக அவர் எழுந்ததில்லை.

"டீ சொல்லட்டுமா?" என்றார், யார் முகத்தைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல்.

"சொல்லுங்க" என்றேன். "உங்க மைத்துனரையும் வரச் சொல்லுங்க. அவருக்கும் சேர்த்து ஆறு டீ."