இடது கீழ் மூலையில் ஒரு நகம்

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சிவப்புப் பொட்டு. பழுப்பேறிய பத்திரிகைப் பக்கம், கறுப்பு எழுத்து, இடது கீழ் மூலையில் மட்டும் சிவப்பு. அந்தக் காலத்துப் பத்திரிகையில் சிவப்பு மை இருக்காது. பெரிதாக்கிப் பார்த்தேன். நகத்தில் பாதி உரிந்த கியூட்டெக்ஸ் பூச்சு. அதன் கீழே உன் விரல்.

உன்னுடையதுதான். உன் மச்சாளின் கலியாணத்துக்குப் பூசிக்கொண்டு போய், பிறகு ஒரு கிழமையாக அதையே சுரண்டிக்கொண்டிருந்தாய்.

பழைய தாளின் மூலை சுருண்டால் எடைப் பையை வைக்கவேண்டும், விரலால் பிடிக்கக்கூடாது. பழைய பத்திரிகைகளை இணையத்தில் போடுவதற்காகப் படம் எடுக்கும் இந்த வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்களுக்குச் சொன்னது அது. காலால் பெடலை அமத்தினால் மேலே உள்ள கமரா படம் எடுத்துவிடும். கைக்கு வேலை இல்லாததால் அது தானாகப் போய் மூலையைப் பிடித்துக்கொள்ளும். விரல் விழுந்த படம் பிழையான படம்.

அந்தப் பிழையை எத்தனையோ தரம் விட்டவள் நான். சேர்ந்த முதல் மாதம், என் பெருவிரல் விழுந்த படத்தை எங்கள் பொறுப்பாளர் மிஸ் பெரிய திரையில் போட்டு, இப்படி எடுக்கக்கூடாது என்று எல்லோருக்கும் காட்டினார். நான் மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்திலிருந்து சொன்னாய்: "கனடாவிலை இருக்கிற சனமும் உன்ரை விரலைத்தானடி பாக்கப்போகுது. நகத்தையெண்டாலும் வெட்டிக்கொண்டு வந்திருக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்காகவும் உன்மேல் கோபம் வந்தது.

உன் படங்களை மிஸ் சரிபார்ப்பதே இல்லை. "அவளின்ரையை ஏன் பாக்கவேணும்?" என்பார். என்னுடையதை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நீ உயர்தரம் படித்து முடித்து வந்தவள். நான், அப்பா கடலுக்குப் போக முடியாமல் படுத்த வருடம் பத்தாம் வகுப்போடு நின்றவள். "ரண்டு வயசு மூப்பு, அக்கா எண்டு கூப்பிடன்" என்று நீ எத்தனை நாள் கேட்டிருப்பாய். நான் கூப்பிடவில்லை. உனக்குக் கிடைக்காத ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த இறங்குதுறைக் கடிதம் உனக்கு நினைவிருக்கும். கொழும்புத்துறை இறங்குதுறையில் விளக்கு எரிவதில்லை, இருட்டில் கால் வைக்க இடம் தெரியவில்லை என்று யாரோ ஒரு வாசகர் பத்திரிகைக்கு எழுதிய நாலு வரி. எங்கள் ஊர் என்பதால் என் கண்ணில் பட்டது. மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி உனக்கு மட்டும் சொன்னேன். அடுத்த கிழமை, பழைய இறங்குதுறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் கம்பஸ் அக்கா ஒருவர் வந்து, ஏதாவது கண்டீர்களா என்று பொதுவாகக் கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. நீ திகதியும் பக்கமும் சொன்னாய். அவர் தன் கொப்பியில் உன் பெயரை எழுதிக்கொண்டார்.

படியிறங்கும்போது உன்னிடம் சொன்னேன். "அது நான் கண்டது."

"ஓம், நீ கண்டதுதான். ஆனா நீ கதைக்கேல்லை, நான் கதைச்சன். அவவுக்குக் கடிதம் கிடைச்சுதோ இல்லையோ?"

நீ சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

மார்கழி மழையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் நீ இல்லை. கரவெட்டியில் உன் வீட்டு வாசலிலிருந்து ஒழுங்கை முடியும் வரை சனம். எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று நினைத்தேன். அழுதுகொண்டுதான் நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கிழமை உன் அம்மா எங்கள் அறைக்கு வந்தார். "ரண்டு வருசம் இங்கை வந்தவள். அவள் செய்ததை ஒருக்காக் காட்டுங்கோ பிள்ளை" என்று மிஸ்ஸைக் கேட்டார். மிஸ் நீ எடுத்த பக்கங்களில் சிலவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். அரிசி விலை, மரண அறிவித்தல், படகு விற்பனை. உன் அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதிலை என்ரை பிள்ளை எங்கை?" என்றார். படம் எடுத்தவர் என்ற இடத்தில் இருந்த உன் பெயரை மிஸ் தொட்டுக் காட்டினார்.

"பேர் நான் வைச்சதுதானே பிள்ளை."

என் அம்மா இந்த அறைப் படியை ஒருநாளும் மிதித்ததில்லை. கேட்கிறவர்களுக்கு நான் பேப்பர்க் கடையில் நிற்பதாகச் சொல்வார். உன் அம்மாவுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்துவிட்டு, அதை நினைத்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம், பக்கங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுவதற்கு முன் ஒன்று விடாமல் சரிபார்க்கவேண்டும் என்றார்கள். "அவளின்ரையை நான் பாக்கிறன்" என்று நானாகவே கேட்டேன். மிஸ் என் தோளைத் தொட்டார். உன்மேல் உள்ள பாசம் என்று நினைத்திருப்பார். எனக்கு உன்னிடம் ஒரு பிழை வேண்டியிருந்தது, ஒன்றே ஒன்று. நாட்கணக்காகப் பார்த்தேன். எல்லாம் நேராக, தெளிவாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. இன்று காலை அந்தச் சிவப்பு.

சந்தோசப்பட்டேன். உனக்கு அதை மறைத்து என்ன பயன். நேரே மிஸ்ஸிடம் போனேன். "மிஸ், அவளும் விரலை விட்டிருக்கிறாள்." நான் நினைத்ததை விடச் சத்தமாக வந்தது. மிஸ் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். விரல் ரேகைக்குள் பத்திரிகை மை கறுப்பாகப் படிந்திருந்தது. நகத்தின் ஓரத்தில் நீ கடித்த தோல்.

"சரி. திருப்பி எடு. பழையதை அழிச்சுவிடு" என்றார் மிஸ்.

"அழிக்க முதல் ஒரு பிரதி எடுக்கட்டோ மிஸ்?"

"உனக்கோ?"

"அவளின்ரை அம்மாவுக்கு."

மிஸ் சம்மதமாகத் தலையை ஆட்டினார்.

அலுமாரியிலிருந்து அந்தப் பத்திரிகைக் கட்டை இறக்கி, தாளை விரித்து, மூலையில் எடைப் பையை வைத்துப் பெடலை அமத்தினேன். நீ மறைத்திருந்த இடத்தில் ஒரு தையற்காரரின் விளம்பரம், விலாசத்தோடு. படம் எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர் தானாக விழுந்தது. அழித்துவிட்டு உன் பெயரைப் போட்டிருக்கலாம். மிஸ் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். போடவில்லை. இறங்குதுறையை நீ எடுத்தாய். இந்தப் பக்கம் என்னுடையது.

இதோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை. அந்த விரலைக் கண்டதும் உன் அம்மா என்ன செய்வார் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

விரலை மட்டும் தடித்த கடதாசியில் அச்செடுத்து, ஒரு உறைக்குள் போட்டேன். அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு, கரவெட்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.