அந்தோணியார் கிடாயின் சிவப்பு நூல்

இயேசு மரி சூசை துணை

கச்சிராயபாளையம்
4-10-87

அன்பு மகள் மெர்லினுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீ அங்கே விடுதிச் சோற்றை வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா. இட ஒதுக்கீட்டு மறியலில் ரோட்டில் வெட்டிப் போட்ட மரங்களை இப்போதுதான் எடுத்தார்கள், பஸ் ஓடுகிறது, தபாலும் போகிறது. அப்பா அந்த வாரம் கள்ளக்குறிச்சியிலிருந்து நடந்தே வந்து கால் வீங்கிக் கிடந்தார், இப்போது தேவலை, வாய் மட்டும் குறையவில்லை.

உன் ஆட்டு ஆராய்ச்சி விஷயமாகத்தான் எழுதுகிறேன், மனசு உறுத்துகிறது. தெரு ஆடுகளுக்கெல்லாம் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிக்குச் சிவப்பு நூலும் பாதிக்கு வெள்ளை நூலும் கட்டினாய். நூலுக்கு ஒரு பாட்டில், ஒன்றில் வயிற்றுப் பூச்சி மருந்து, ஒன்றில் வெறும் சாயத் தண்ணீர். எதில் எது என்று தெரிந்தால் கை ஓரவஞ்சனை செய்யும் என்று எனக்கும் சொல்லவில்லை. மறியலில் நீ வர முடியாமல் நானே ஊற்ற வேண்டி வந்தது. கேட்கக் கூடாது என்றாய், மோந்து பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே. வெள்ளை நூல் பாட்டிலில் மருந்து வாடையே இல்லை, நம் கறுப்புக் கிடாயின் கழுத்திலோ வெள்ளை நூல். நீ பட்டம் வாங்க வேண்டுமென்று அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்கு வெறும் தண்ணீரா என்று வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டு அமிர்தத்தின் ஆட்டுச் சிவப்பு நூலை அவிழ்த்து நம் கிடாய்க்குக் கட்டி, வெள்ளையை அதற்குக் கட்டி, அந்தந்த நூலுக்கு உள்ளதை ஊற்றிவிட்டேன். எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கிறது என்று என் புத்திக்குப் பட்டது.

போன வெள்ளிக்கிழமை அமிர்தத்தின் ஆடு வயிற்றுப் பூச்சி முற்றித் தாடை வீங்கிச் செத்துப்போனது. ஒவ்வோர் ஆடாகப் பார்க்காதே, கூட்டமாகப் பார் என்பாய், அவளுக்குக் கூட்டம் ஏது, இருந்தது அது ஒன்றுதான். நான் போய் நின்றதும், மெர்லின் பாப்பா இன்னாக்கா பண்ணும், சீட்டுல அப்பிடி வுழுந்துடுச்சி, யார நொந்துக்கறது என்று என்னையே தேற்றினாள். நூல் மாற்றியதைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

அந்த இரண்டு ஆட்டையும் நூலை நம்பிக் கணக்கில் சேர்த்துவிடாதே, உன் வாத்தியார் கேட்டால் அம்மா செய்த கூத்து என்று உள்ளதைச் சொல். தலைக்கு எண்ணெய் வை, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். இதைப் பெட்டியில் போட்ட கையோடு கிடாயைப் பிடித்துக்கொண்டு அமிர்தம் வீட்டுக்குப் போகிறேன், நடந்ததைச் சொல்லி அங்கேயே கட்டிவிட்டு வருவேன். உன் பட்டத்துக்கு நேர்ந்ததாச்சே. அந்தோணியாரிடம் நீயும் ஒரு வார்த்தை சொல்லி வை.

இப்படிக்கு
உன் அம்மா
செ. உபகாரமேரி