கேப்டனை வெளியே வைத்த வாரம்

ஆகஸ்ட் 4, வெள்ளி

எங்கள் விளையாட்டில் புதிதாகச் சேர்ந்த டாக்ஸிக்காரர் காலையிலிருந்து உயிரை வாங்குகிறார். "விதியெல்லாம் ஒரே இடத்துல எழுதிப் போடுங்க மேடம். வாய்ப்பேச்சை நம்பி நான் விளையாட மாட்டேன்." அவருடைய மகளும் என் மகள் சிட்டுவும் ஒரே பேண்டு. அவள் புல்லாங்குழல், இவள் சைடு டிரம். நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து எழுதி குரூப்பில் போட்டேன்.

நிஜத்தில் பன்னிரண்டு பேண்டுகள் ஞாயிறுதோறும் மைதானத்தில் அணிவகுத்து வாசித்துப் போட்டி போடுகின்றன. நாங்கள் ஒன்பது பேர் ஆளுக்கொரு கற்பனை பேண்டு வைத்திருக்கிறோம். இந்த பேண்டில் டிரம்பெட், அந்த பேண்டில் கொடிக் குழு, இன்னொன்றில் சைடு டிரம் என்று பொறுக்கி ஆறு பிரிவு எடுக்கலாம், உபரியாக ஒன்று. நடுவர்கள் அந்தப் பிரிவுக்கு இருபதுக்கு எத்தனை போடுகிறார்களோ அதுதான் நமக்கு பாயிண்ட். ஒரு பிரிவைக் கேப்டனாக வைத்தால் அதற்கு மட்டும் இரட்டிப்பு. குச்சியோ கொடியோ கீழே விழுந்தால் இரண்டு போச்சு, வரிசை கோணினால் ஒன்று போச்சு. சொதப்பும் என்று தோன்றுகிற பிரிவை அந்த வாரம் வெளியே வைத்துவிட்டு உபரியை உள்ளே கொண்டுவரலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளி மாலைக்குள் அணியை குரூப்பில் போட்டுவிட வேண்டும். எல்லோருடைய அணியும் எல்லோர் கண்ணிலும் படும். மார்க்கைக் கூட்டிப் பட்டியல் போடுவது நான்.

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஊதுறவன் ஊதுறான், அடிக்கிறவன் அடிக்கிறான். இல்லாத பேண்டுக்கு நீங்க ஏன் அடிச்சுக்குறீங்க?" அவருக்கு என்ன தெரியும்.

என் கேப்டன் எப்போதும் சிட்டுவின் சைடு டிரம் பிரிவுதான். இரண்டு வருடமாக மாற்றியதே இல்லை. "பெத்த பாசம் அண்ணி" என்று நாத்தனார் கிண்டலடிப்பாள், அவளும் எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தி. பாசமும்தான், பாயிண்டும்தான்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

சைடு டிரம்முக்குப் பதினெட்டு, இரட்டிப்பு முப்பத்தாறு. பட்டியலில் நான் முதலிடம். நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

சிட்டு தட்டைக் கழுவும்போது நழுவவிட்டாள். உடைந்தது. வழக்கமாக நான் கத்துவேன், அவள் பதிலுக்குக் கத்துவாள். இன்று அவள் கத்தவில்லை. வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

என்னடி?

அப்பா வெளியே போகிறவரை காத்திருந்து சொன்னாள். வேகமாக உருட்டி அடிக்கும்போது மணிக்கட்டில் தீப்பிடித்த மாதிரி எரிகிறதாம். ராத்திரி தூக்கம் இல்லையாம். "பேண்டு மாஸ்டர்கிட்ட மூச்சு விடாதேம்மா. தெரிஞ்சா அன்னிக்கே என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுடுவார்."

ஃபைனலில் முதல் பாட்டுக்கு முன்னால் மொத்த பேண்டும் அசையாமல் நிற்கும், சிட்டு மட்டும் தனியாக வாசிப்பாள். அதற்காக இரண்டு வருடம் காத்திருந்தாள். பதினெட்டு வயது முடிந்துவிட்டால் இந்த பேண்டில் இடம் கிடையாது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது.

டாக்டரிடம் போகலாம் என்றேன். ஃபைனல் முடியட்டும் என்றாள். "உன்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

சரி, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையில் கைவைத்துச் சொன்னேன். தைலம் தேய்த்துவிட்டேன். கை சுட்டது. பாவம், குழந்தை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

அணி போட்டாயிற்று. இந்த வாரம் சைடு டிரம் வெளியே. உபரி பாஸ் டிரம் உள்ளே. கேப்டன் பதவி டிரம்பெட்டுக்கு.

வேறு என்ன செய்ய? அந்தக் கையோடு பதினைந்து தேறினாலே பெரிய விஷயம். இரட்டிப்பில் அடி விழும். நாத்தனார் நாலே பாயிண்ட்தான் பின்னால் இருக்கிறாள். குச்சி வேறு விழுந்துவைத்தால்? ஃபைனல் வாரத்துக்குத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளலாம்.

யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிட்டு கேட்டபோதெல்லாம் தைலம் எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பத்தொன்பது! நான் வெளியே வைத்த வாரம் பார்த்துப் பத்தொன்பது! அவள் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்ஸிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பொறாமை போலிருக்கிறது.

எனக்குத்தான் நஷ்டம். நாத்தனார் முதலிடம். மனசே ஆறவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

சிட்டு ஐந்து மணிக்கே வந்துவிட்டாள். பயிற்சி ஏழு வரை. தோளில் குச்சிப் பை இல்லை.

மாஸ்டர் இன்று எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு இவளை மட்டும் வாசிக்கச் சொன்னாராம். நிறுத்தாமல் உருட்டச் சொன்னாராம். "போதும்னு நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே." முதலில் சமாளித்தாளாம். அவர் போதும் என்று சொல்லவே இல்லையாம். கடைசியில் குச்சி கையில் நிற்கவில்லை. எல்லோர் முன்னாலும். தனி வாசிப்பும் போச்சு, வரிசையில் இருந்த இடமும் போச்சு. ஃபைனலில் முன்னால் பேனர் பிடித்துக்கொண்டு நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

"நீ அவர்கிட்ட சொன்னியாம்மா?"

"சத்தியமா இல்லடி. ஒரு வார்த்தை சொல்லலை."

நம்பினாள். என் மடியில் தலையை வைத்து அப்படி அழுதாள். எனக்கு ரத்தம் கொதித்தது. எவன் போட்டுக் கொடுத்தது? இவர் எதாவது உளறினாரா? இவருக்கே தெரியாதே. அந்தப் புல்லாங்குழல் பெண் கண்டுபிடித்திருப்பாளா? ஆள் மட்டும் கிடைக்கட்டும், சும்மா விட மாட்டேன்.

ஆகஸ்ட் 23, புதன்

கடையில் லென்ஸ் வெட்டுகிறவரும் எங்கள் விளையாட்டில் இருக்கிறார். அமைதியான மனுஷன். மத்தியானம் நான் மாஸ்டரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். யார் சொன்னது, யார் சொன்னது என்று. அவர் மெஷினை நிறுத்தினார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வெள்ளிக்கிழமை உங்க அணியைப் பார்த்ததுமே எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு வருஷமா கேப்டனா வச்சிருந்ததை வெளியே வச்சீங்கன்னா பொண்ணுக்கு ஏதோ சரியில்லைன்னுதானே அர்த்தம்?"

டாக்ஸிக்காரர் திங்கட்கிழமை மகளைக் கூட்டிப்போக வந்த இடத்தில் மாஸ்டரிடம் கேட்டிருக்கிறாராம். "சைடு டிரம் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா மாஸ்டர்? அவங்க அம்மாவே டீம்ல எடுக்கலையே." பேச்சுவாக்கில்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

அதற்கப்புறம் எத்தனை பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டேன் என்று தெரியவில்லை. ஒரு பெரியவருக்கு வேறொருவர் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நான்தான். வாயைத் திறக்காமல் ஊருக்கே சொன்னது நான்தான். விதியை எழுதியவளும் நான்தான் — எல்லோர் அணியும் எல்லோர் கண்ணிலும் படும் என்று.

ஆகஸ்ட் 24, வியாழன்

சிட்டுவிடம் இன்னும் சொல்லவில்லை. என் தட்டில் இருந்ததை அவள் தட்டில் தள்ளிக்கொண்டே இருந்தேன். "என்னம்மா இன்னிக்கு?" என்று சிரித்தாள்.

ஆகஸ்ட் 26, சனி

காலையில் டாக்டர். நரம்புக்கு மேல் உறை வீங்கியிருக்கிறதாம். ஆறு வாரம் குச்சியைத் தொடக்கூடாது, இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் கத்தி வைக்க வேண்டி வந்திருக்கும் என்றார். "பார்த்தியா, மாஸ்டர் நிறுத்தினதும் நல்லதுக்குத்தான்" என்றார் வீட்டுக்காரர். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இதைச் சொல்லித் தொடங்கலாம், கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது சொன்னேன். எல்லாவற்றையும். நாலு பாயிண்டையும் சேர்த்து. கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"வலிக்குதுன்னு உன்கிட்ட மட்டும்தாம்மா சொன்னேன். நீ கணக்குப் போட்டிருக்கே."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நல்லதுதானே நடந்தது என்று — சொல்லியிருக்கவே கூடாது.

"நீ நேரா போய் மாஸ்டர்கிட்ட சொல்லியிருந்தாக்கூட சண்டை போட்டுட்டு மறந்திருப்பேன். என் கைக்காகப் பண்ணியிருப்பே. இது அத்தையை ஜெயிக்கிறதுக்காக."

மீதித் துணியை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் சொன்னதில் எது பொய்?

ஆகஸ்ட் 30, புதன்

நல்லாத்தான் பேசுகிறாள். சாப்பிட்டாச்சா என்றால் சாப்பிட்டாச்சு. வலிக்கிறதா என்றால் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் பேசுகிற மாதிரி.

செப்டம்பர் 1, வெள்ளி

விளையாட்டை விட்டு விலகிவிட்டேன். பட்டியல் போடும் வேலை இனி நாத்தனாருடையது. டாக்ஸிக்காரர் ஒரு புது விதி கேட்டார்: தன் பிள்ளை இருக்கும் பிரிவை யாரும் எடுக்கக் கூடாது. எல்லோரும் சரி என்றார்கள். அவர் என்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்டார். நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஃபைனல். பேனரின் ஒரு முனை சிட்டு கையில், இடது கையில். மொத்த பேண்டும் அசையாமல் நின்றது. சிட்டுவின் இடத்தில் மாஸ்டர் போட்ட புதுப் பெண் தனியாக வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள். சிட்டு அவளுக்கு முதுகைக் காட்டி முன்னால் நின்றாள், திரும்பக் கூடாது அல்லவா. நான் அவள் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு மட்டும் அசைந்தது. தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் என் தோளில் கை வைத்தார். தட்டிவிட்டேன். பிறகு நானே பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

இரண்டு மாதம் கழித்துச் சிட்டுவைப் பார்த்தேன். வெளியூரில் பெரியவர்களுக்கான பேண்டில் சேர்ந்திருக்கிறாள், ஹாஸ்டலில் இருந்துகொண்டு படிக்கிறாள். திரும்பவும் சைடு டிரம்தான். பயிற்சி நடக்கும் மைதானத்துக்கே வரச் சொன்னாள். வெயிலில் கறுத்துப்போயிருக்கிறாள். என்னைக் கண்டதும் சிரித்தாள், கட்டிக்கொண்டாள். ஊர்க்கதை எல்லாம் கேட்டாள். அத்தை ஜெயிச்சாளா என்றுகூடக் கேட்டாள்.

"கை எப்படிடி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

இடைவேளை விட்டார்கள். நான் வாங்கிப்போயிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலே, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நீட்டினாள். அந்தப் பெண்ணும் எதுவும் கேட்கவில்லை. மூடியைத் திருகித் திறந்து கொடுத்துவிட்டு, இவள் தோளிலிருந்த டிரம்மின் வாரைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். தினமும் செய்கிற வேலை மாதிரி.

பஸ்ஸில் வரும்போது அழுகையாக வந்தது. அந்தப் பெண்ணிடமாவது சொல்லியிருக்கிறாளே.