எதிர்க் கட்டில்

பிப்ரவரி 3

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

இதே விடுதியின் மேல் மாடியில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. தட்டினால் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாய், வேறு என்ன செய்ய? இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

நம் அறையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது கோபத்தால் இல்லை. இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. வகுப்பில் ஆசிரியை இந்த ஊர் மொழியில் கேள்வி கேட்டால் நான் அவர் வாயைப் பார்ப்பதில்லை, உன் வாயைத்தான் பார்க்கிறேன். நீ காதில் தமிழில் ஓதுவாய், நான் தலையாட்டுவேன். கடையில் சோப்பு வாங்கக்கூட நீதான் பேச வேண்டும். வருஷக் கடைசி வாய்மொழித் தேர்வில் தேறாவிட்டால் ஊருக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அங்கே நீ காதில் ஓத முடியாதே.

அதனால்தான் இந்த ஊர்ப்பெண்கள் இரண்டு பேர் இருக்கிற அறைக்கு மாறினேன். தேர்வு முடியும்வரை நேரில் உன்னோடு தமிழ் பேச மாட்டேன். தமிழெல்லாம் காகிதத்தில்தான். சரியா?

உன்,
குண்டூசி


பிப்ரவரி 6

அடி குண்டூசி,

நான் என்ன தொற்றுநோயா? காய்ச்சல் வந்தபோது உனக்கு எங்கே வலிக்கிறது என்றுகூட டாக்டரிடம் நான்தானே சொன்னேன். இப்போது கைகழுவிவிட்டாய். நேற்று சாப்பாட்டுக் கூடத்தில், முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல், "இங்கே உட்காரலாமா?" என்று அந்த மொழியில் என்னிடம் அனுமதி கேட்டாயே. நான் எழுந்து போனது அதனால்தான்.

வாய்மொழித் தேர்வு ஜோடி ஜோடியாக என்று பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். கூட வருபவளைத் தேர்வாளருக்கு அறிமுகம் செய்ய வேண்டுமாம். நீ வேறு யாரையாவது பார்த்துக்கொள்.

எதிர்க் கட்டில் காலியாகத்தான் கிடக்கிறது. நீ மறந்துவிட்டுப் போன போர்வையை நான் மடிக்கவில்லை.

ஒட்டடைக்குச்சி


ஏப்ரல் 20

என் ஒட்டடைக்குச்சிக்கு,

இரண்டு மாதமாக நீ ஒரு வரி எழுதவில்லை. பரவாயில்லை, நான் எழுதுகிறேன்.

இங்கே நான்தான் எல்லோருக்கும் வேடிக்கை. சமைக்கும்போது கையில் எடுப்பதற்கெல்லாம் பெயர் கேட்கிறேன், தப்பாகச் சொல்கிறேன், விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், மறுபடி சொல்கிறேன். வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். குளியலறைக்கு யார் முதலில் என்று ஒருநாள் சண்டை. அப்போதுதான் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்தது. சண்டையை விட்டுவிட்டு மூன்று பேரும் கைதட்டினோம்.

போன வாரம் ஒருத்தி, "உன் சிநேகிதி எப்படிப்பட்டவள்?" என்று கேட்டாள். எனக்கு வந்தது மூன்றே சொல். உயரம். நல்லவள். கோபம். உன்னைப் போய் இவ்வளவில் முடித்துவிட்டேனே என்று அழுகையாக வந்தது. அன்றிலிருந்து உனக்காகத்தான் சொல் சேர்க்கிறேன்.

ஜோடிப் பட்டியலில் நம் இரண்டு பேர் பெயரையும் எழுதிவிட்டேன். வேண்டாமென்றால் நீயே போய் அடித்துவிடு.

குண்டூசி


ஜூன் 12

என் குண்டூசிக்கு,

தேர்வு முடிந்துவிட்டது, இனி நேரில் தமிழ் பேசலாம்தான். ஆனால் இதை உன் முகத்துக்கு நேரே சொன்னால் அழுதுவிடுவேன்.

பட்டியலில் பெயரை அடிக்கப் பேனாவோடு போனேன். கை வரவில்லை.

தேர்வறையில் உன்னைப் பற்றி எழுதி மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். ஒரு பிழை இல்லை. தேர்வாளர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீ ஆரம்பித்தாய், தட்டுத்தடுமாறி, கையை ஆட்டிக்கொண்டு. "ஐந்து மாதம் இவள்தான் என் வாய். நான் இவளை விட்டுவிட்டுப் போனேன். இவளுக்கு வலித்தது. எனக்கும் வலித்தது" என்றாய். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு எதையும் தமிழில் மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை, அப்படியே புரிந்தது. என்னைப் பதில் சொல்லச் சொன்னார். மனப்பாடம் ஒன்றும் உதவவில்லை. "கோபம் போய்விட்டது" என்றேன். அந்த மொழியில் உனக்காக எவ்வளவோ பேசியிருக்கிறேன், என் மனசைப் பேசியது அதுதான் முதல் தடவை.

இரண்டு பேரும் தேறிவிட்டோம், பலகையில் பார். உனக்கு என்னைவிட மார்க் கூட. கொழுப்புத்தான்.

திரும்பி வரலாம் என்று பெட்டியைத் தூக்கிவிடாதே. எதிர்க் கட்டிலை நேற்று இந்த ஊர்ப்பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். குறட்டை விடுகிறாள். அதை அவள் மொழியில் எப்படிச் சொல்வதென்று அவளிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் போர்வையை மடித்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள். கதவு திறந்திருக்கும்.

உன்,
ஒட்டடைக்குச்சி